ரேஞ்ச் உள்ள தூரம் வரை

செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் என் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி மறுபடியும் உள்ளே விடுகிறார்கள். அதனால் நான் மனிதனாக நடமாடக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். சனிக்கிழமை கழுவிய ரத்தம் ஞாயிறு காலையில் கொஞ்சம் புதிதாக இருக்கும். கால் வீக்கம் வடிந்திருக்கும், செருப்பு சிரமமில்லாமல் நுழையும். அந்தத் தெம்பில்தான் நண்பர்கள் இருவரும் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். ஒருவன் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து, வங்கியில் மேலாளராகி, இன்னமும் அதே தெருவில் குடியிருக்கிறான். இன்னொருவன் பழவங்காடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவன் குடும்பம் நாகர்கோவில் பக்கம். நான் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவன்; திருநெல்வேலியிலிருந்து எப்போதோ இங்கே மலையாள மண்ணுக்கு வந்து ஒட்டிக்கொண்ட குடும்பம். மூவரும் வீட்டில் ஒரு தமிழ், தெருவில் ஒரு தமிழ், ஆத்திரம் வந்தால் மலையாளம் என்று பேசுவோம். முன்பெல்லாம் ஞாயிறு விடிந்தால் பொன்முடி மலை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மேலே மூடுபனியில் நின்று, குளிரில் பல் தந்தியடிக்கப் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு இறங்குவோம். இப்போது அடிவாரத்து வித்துராவோடு சரி. வித்துரா தாண்டிக் கல்லார் பக்கம் ஏறினால் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. எனக்கு ரேஞ்ச் இல்லாத இடத்துக்குப் போக உரிமை இல்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் இரண்டு கிட்னியும் போய்விட்டன. மனைவி தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றாள். அவளுக்கு சர்க்கரை இருக்கிறது, எடுக்க முடியாது என்றார்கள். தம்பி பரிசோதனை வரைக்கும் வந்தான். அப்புறம் அவன் மனைவி போன் செய்து ரொம்ப நேரம் அழுதாள். நான்தான் அவளைத் தேற்றி போனை வைத்தேன். மிச்சம் இருந்தது காத்திருப்போர் பட்டியல். மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவரின் கிட்னி எனக்குப் பொருந்தி, என் முறையும் வந்தால், மருத்துவமனையிலிருந்து கூப்பிடுவார்கள். எந்த நாளும் கூப்பிடலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். எடுக்கவில்லை என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்காக என் மனைவி பழைய ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறாள். போன் அதற்குள், பை என் கழுத்தில். குளிக்கும்போதுகூடக் குளியலறைக் கொக்கியில் அது தொங்கும். கோயிலுக்குப் போனால் எல்லாரும் போனை அணைப்பார்கள். நான் மட்டும் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நிற்பேன், குருக்கள் முறைப்பார்.

பட்டியலில் இருப்பது என்றால் என்ன என்று யாரும் வெளியே சொல்வதில்லை. நான் சொல்கிறேன். ஒருவர் சாக வேண்டும் என்று காத்திருப்பது. அதுவும் வயதானவர் போதாது, நோயாளி போதாது. நல்ல ஆரோக்கியமான, இளவயது ஆள், தலையில் மட்டும் அடிபட்டு, மற்றதெல்லாம் பழுதில்லாமல் சாக வேண்டும். டயாலிசிஸ் படுக்கைகளில் நாங்கள் வரிசையாகக் கிடக்கும்போது, மழைக்காலம் வந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். ரோடு வழுக்கும் காலம். 

அந்த ஞாயிறும் பழவங்காடியில்தான் கூடினோம். மருந்துக்கடைக்காரன் பிள்ளையாருக்கு வழக்கம்போல ஒரு தேங்காய் எறிந்து உடைத்தான். வங்கிக்காரன் எனக்கு ஜாக்கெட்டை மாட்டிவிட்டான். முழங்கையிலும் தோளிலும் தடித்த அட்டை வைத்த, வண்டிப் பையன்கள் போடும் கறுப்பு ஜாக்கெட். இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்து அந்தக் கை அடிபட்டால் என் கதை கந்தல். அதனால் இருவரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. ஐம்பதை நெருங்கும் தொந்திக்காரன் அதைப் போட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்பிடியே ரேஸுக்குப் போறவன் மாதிரி இருக்கேடா," என்றான் வங்கிக்காரன்.

"ஓட்டுறது நீதானே. உன் பின்னாடி உக்காந்தா ஊர்வலத்துக்குப் போறவன் மாதிரிதான் இருக்கும்," என்றேன்.

அவன் வண்டி ஓட்டும் அழகு அப்படி. புல்லட்டை வைத்துக்கொண்டு மொபெட் வேகத்தில் போவான். பேரூர்க்கடை வருவதற்குள் இரண்டு பால் வண்டியும் ஒரு சைக்கிளும் எங்களைத் தாண்டிப் போயின. நெடுமங்காடு தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ரோடு வளையத் தொடங்கியதும் காற்று மாறியது. நான் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு முகத்தைக் காட்டினேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உடம்பு அரிக்காது. தண்ணீர் ஞாபகம்கூட வராது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான் எனக்குக் கணக்கு. சாயா, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

சுள்ளிமானூர் பக்கம் ஒரு கூட்டம் எங்களை உரசிக்கொண்டு போனது. கல்லூரி வயசு. எட்டோ பத்தோ வண்டிகள். முக்கால்வாசிப் பேர் தலையில் ஹெல்மெட் இல்லை. ஒருவன் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தான். இன்னொருவன் முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினான்.

பக்கத்தில் வந்துகொண்டிருந்த மருந்துக்கடைக்காரன் கத்தினான். "எடா, தலையில வைக்கடா அதை! கையில மாட்டுறதுக்காடா அம்மை வாங்கித் தந்தது?"

அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அவர்களுடைய பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல உடம்பு ஒவ்வொன்றும். கடைசியாகப் போனவனுக்கும் என்னைப் போல ஓ பாசிட்டிவாக இருக்குமோ என்று நினைத்தேன். வேண்டுமென்று நினைத்ததில்லை. அது தானாக வரும். பசித்தவன் கண் சோற்றுப் பானைக்குப் போவது போல என் கண் அங்கே போகும். ஒவ்வொரு ஞாயிறும் போகும். என்மேல் எனக்கு வரும் அருவருப்பைக் கழுவ எந்த மிஷினும் கிடையாது.

வித்துராவில் சந்தை ரோட்டு முனையில் எங்கள் வழக்கமான சாயக்கடை. கடைக்காரருக்கு என் சங்கதி தெரியும். என் தட்டில் ஒரே ஒரு அப்பம், மேலே கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான் அனுமதி. மற்ற இரண்டு பேர் தட்டிலும் புட்டு, கடலைக்கறி, ஏத்தம்பழம். ஆரம்பத்தில் இருவரும் எனக்குத் துணையாக வெறும் அப்பமும் சர்க்கரையும் தின்றார்கள். மூன்றாவது வாரம் நான் கடையில் வைத்துச் சத்தம் போட்டேன். "ஒழுங்கா வாங்கித் தின்னுங்கடா. பாக்கவாவது செய்றேன்." அன்றிலிருந்து அவர்கள் தின்பார்கள், நான் பார்ப்பேன். கடலைக்கறியின் ஆவி முகத்தில் படும்படி வங்கிக்காரன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைப்பான். இதைவிடப் பெரிய உபசாரம் எனக்கு யாரும் செய்ததில்லை.

அப்பத்தில் பாதி போயிருக்கும். கழுத்துப் பை அலறியது.

அந்த எண்ணை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அது திரையில் வந்து பார்த்ததே இல்லை. எடுத்தேன். ஒரு பெண் குரல், மலையாளத்தில், மிகவும் நிதானமாகப் பேசியது. ஒரு கிட்னி கிடைக்கும் நிலை இருக்கிறது; என் ரத்த வகைதான். நான் இரண்டாவது ஆள். முதலில் இருப்பவருடைய ரத்தம் பொருந்தாமல் போனால் எனக்கு. உடனே புறப்பட்டு வாருங்கள், இப்போதிலிருந்து எதுவும் சாப்பிட வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வித்துரா என்றேன். 

"வித்துராவா?" என்றாள், கொஞ்சம் தயங்கி. "வேகம் வரூ, சார்."

நான் போனை இறக்கி, "வந்துட்டு," என்றேன்.  "சாப்பிடக் கூடாதாம்."

மருந்துக்கடைக்காரன் எழுந்த வேகத்தில் பெஞ்சு பின்னால் சாய்ந்தது. என் தட்டைப் பிடுங்கினான். "துப்பு! வாயில உள்ளதைத் துப்பு!" துப்பினேன். "முழுங்கினது?" என்றான். பாதி அப்பம் என்றேன். என் கழுத்தைப் பிடித்துக் கடைக்குப் பின்புறம் இழுத்துக்கொண்டு போனான். வாழையடியில் குனிய வைத்து, "விரலை விடு," என்றான்.

"இப்போதிலிருந்துன்னுதான் சொன்னாங்க. தின்னதை எடுக்கச் சொல்லலை," என்றேன்.

"மருந்துக்காரன் நீயா, நானா? விடுடே விரலை!"

விட்டேன். அப்பம் வந்தது, பித்தம் வந்தது, கண்ணீர் வந்தது. அவன் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "வரட்டும், எல்லாம் வரட்டும்," என்று அழுதான். பின்பு மருத்துவமனையில், போன் செய்த பெண்ணிடம் இதைப் பெருமையாகச் சொன்னான். அவள் திகைத்துப் போய், அதற்கெல்லாம் அவசியமே இல்லை என்றாள். இரண்டு நண்பர்களில் ஒருவனுக்கு மருந்து தெரிந்தால் இதுதான் கதி.

திரும்பும்போது என்னை மருந்துக்கடைக்காரன் வண்டியில் ஏற்றினார்கள். வங்கிக்காரனின் ஊர்வல வேகத்தை நம்பி ஒரு கிட்னியை விட முடியாது. ஆனால் அன்றைக்கு அவன் எங்களுக்கு முன்னால் போனான். ஹாரனை அழுத்திப் பிடித்தபடி, நெடுமங்காட்டில் சர்ச்சுக்குப் போகும் கார்களுக்கு நடுவே கையை ஆட்டி ஆட்டி வழி கேட்டுக்கொண்டு, தெரியாதவர்களை மரியாதை இல்லாமல் திட்டிக்கொண்டு. அக்ரகாரத்தில் அவன் அம்மா காதில் பட்டிருந்தால் பட்டினி கிடந்திருப்பாள்.

ஒரு வளைவில் எங்கள் பின்சக்கரம் மணலில் சறுக்கியது. வண்டி சாய்ந்து, ஏதோ புண்ணியத்தில் நிமிர்ந்தது. நான் இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டேன். இந்த நேரத்தில் விழுந்து மண்டை உடைந்தால், என் கண்ணை எடுப்பார்கள், ஈரலை எடுப்பார்கள், கிட்னியை மட்டும் எவனும் சீண்ட மாட்டான் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. வழியெல்லாம் பழவங்காடிப் பிள்ளையாரிடம் பேசிக்கொண்டே வந்தேன். நூற்றியெட்டு தேங்காய் உடைக்கிறேன் என்றேன். பேரூர்க்கடையில் சிக்னல் விழுந்ததும் ஆயிரத்தெட்டு ஆக்கினேன். என்ன கேட்கிறேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த முதல் ஆளுக்குப் பொருந்தக் கூடாது.

வங்கிக்காரன் போனில் சொல்லியிருந்ததால் மனைவி எனக்கு முன்பே ஆட்டோவில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருந்தாள். கட்டிலடியில் எப்போதும் தயாராக இருக்கும் பையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும். பெண்ணுக்கு முப்பது இருக்கலாம். முகத்தில் எனக்குத் தெரிந்த அதே சாம்பல் நிறம், கையில் அதே புடைப்பு. என் மனைவி அவளோடு பேசிப் பழகியே விட்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளைதான் முதல்ல இருக்கிறதாம்," என்றாள் என்னிடம். "களியக்காவிளைப் பக்கம். டீச்சராம். நம்ம மாதிரி தமிழ்தான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் தமிழாக இருந்தால் எனக்கென்ன. என் மனைவி பையைத் துழாவி, பிள்ளையார் கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்து, முதலில் அந்தப் பெண்ணின் நெற்றியில் பூசினாள். அப்புறம் என் நெற்றியில். எனக்கு வந்த கோபத்தை அடக்கப் பல்லைக் கடித்தேன்.

"அவளுக்கு எதுக்குப் பூசுறே?" என்றேன் தாழ்ந்த குரலில்.

"பாவம்லா, சின்னப் பிள்ளை."

"அவளுக்குச் சேர்ந்தா எனக்கு இல்லை. தெரியுமா உனக்கு?"

"தெரியும்," என்றாள்.  பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கொடுப்பவரின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்துச் சொல்ல நேரமாகும் என்றார்கள். நண்பர்கள் கீழே போனார்கள். எங்கள் முன்னால் எதையும் தின்னக் கூடாது என்று ஒளிந்து சாயா குடிக்கப் போயிருப்பார்கள். நான் அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொருந்தக் கூடாது என்று அவள் வேண்டத் தேவையில்லை. அவளுக்கு அந்தப் பாவம் இல்லை. என் வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு சின்னப் பெண்ணின் தோல்விக்காக ஜபம் செய்துகொண்டிருந்தேன். நிறுத்தவும் முடியவில்லை. இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க என்னால் முடியாது, இனி ஒரு செவ்வாய்க்கிழமைகூட முடியாது என்று உள்ளே ஒன்று கதறிக்கொண்டிருந்தது.

தாங்க முடியாமல் எழுந்தேன். ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை, ஏசி குளிராக இருந்தது. ஹெல்மெட் கையில் இருந்தது. படியில் இறங்கி நண்பர்களைத் தேடிப் போனேன். ஒரு மாடி இறங்கியதும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அதன் கதவுக்கு வெளியே ஒரு கூட்டம்.

எல்லாரும் என்னைப் போலவே ஜாக்கெட் போட்டிருந்தார்கள். கையில் ஹெல்மெட். சிலர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வளர்ந்த ஆண்கள், தாடி வைத்தவர்கள், குழந்தைகள் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் திரும்பிப் படியேறியிருக்க வேண்டும். நின்றேன்.

ஒருவன் எழுந்து வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். என் ஜாக்கெட்டைப் பார்த்தான், ஹெல்மெட்டைப் பார்த்தான், நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "சேட்டா, அவன் போயி," என்றான். என் தோளில் முகத்தை வைத்து அழுதான். எந்த பைக் கிளப்பிலிருந்து வருகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டான்.

"பழவங்காடி," என்றேன். வேறு என்ன சொல்வது?

என் மலையாளத்தில் இருந்த தமிழ் அவனுக்குக் கேட்டுவிட்டது. "அண்ணன் தமிழா? என்ட அம்மை மார்த்தாண்டம்," என்று தமிழுக்கு மாறினான். கையை என் தோளிலிருந்து எடுக்கவில்லை. "எவ்வளவு தூரத்துல இருந்தெல்லாம் ஆளு வருது பாருங்க. அவனை அறியாத ஆளே கிடையாது ரோட்டுல."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் சொல்லிக்கொண்டே போனான். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு. போன ஞாயிறு இவர்களும் ஒரு பைக் பயணம் போயிருக்கிறார்கள். தூரம்கூட இல்லை, காலைச் சாப்பாட்டுக்காகப் போனது.

"அவனுக்கு ஸ்பீடே கிடையாது அண்ணே. நாங்க கேலி பண்ணுவோம், மாட்டு வண்டின்னு. சாயக்கடை கண்டா நிப்பாட்டிருவான். எப்பவும் கடைசியிலதான் வருவான், பின்னால தங்கிப் போறவங்களுக்குத் துணையா. ஹெல்மெட் இடாம வண்டி எடுத்ததே கிடையாது. எங்களையும் எடுக்க விட மாட்டான். அன்னைக்கும் இட்டிருந்தான். ஒரு லாரிக்காரன் பார்க்காம வண்டியைப் பின்னால எடுத்துட்டான், அவ்வளவுதான். நாங்க முன்னாடி போய்ச் சாப்பாடு சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருந்தோம்."

 இத்தனை ஞாயிறு நான் ரோட்டில் யாரைத் தேடிக்கொண்டிருந்தேன்? தலையில் எதுவும் இல்லாமல் சக்கரத்தைத் தூக்குகிற திமிர் பிடித்தவனை. அவன் செத்தால் அவன் கொழுப்பு என்று எனக்குள் முன்கூட்டியே ஒரு நியாயம் எழுதி வைத்திருந்தேன். வந்தவனோ என் வங்கிக்கார நண்பனைப் போல ஓட்டுகிறவன்.

"அவனுக்க அம்மை கையொப்பு போட்டுட்டா அண்ணே," என்றான். "எல்லாம் எடுத்துக்கோங்க, யாருக்காவது கிடைக்கட்டும்னு. நாங்க அதுக்குத்தான் நிக்கோம். கொண்டு போறப்ப ஒரு தடவை பார்த்துட்டுப் போகணும்."

அப்போது படியில் என் மனைவி இறங்கி வந்தாள். கையில் அந்தப் பை. என்னைக் கண்டதும் அங்கேயே நின்று, இவ்வளவு பேர் கூடியிருக்கிறார்கள் என்பதுகூட உறைக்காமல் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக்குச் சேர்ந்துட்டாம். அவளை உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க. நம்மளை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க." அப்புறம் குரல் உடைந்து, "இனி தண்ணி குடிக்கலாமாம் உங்களுக்கு," என்றாள்.

நான் அப்படியே சரிந்து உட்கார்ந்தேன். அவன்தான் என்னைத் தாங்கிப் பிடித்தான். நான் அழுதேன். வாயைத் திறந்து, கூச்சமில்லாமல், அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். உள்ளே கிடந்தவனுக்காக ஒரு சொட்டும் இல்லை. அத்தனையும் எனக்காக. செவ்வாய்க்கிழமைக்காக.

அவன் என் மனைவியைப் பார்த்தான். பையைப் பார்த்தான். என் புறங்கையில் ரத்தம் எடுத்த இடத்துப் பஞ்சைப் பார்த்தான்.

"அண்ணன் இதுக்கா வந்தீங்க?" என்றான் மெதுவாக.

ஆமாம் என்று தலையசைத்தேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போதும் அவன் கையில்தான் சாய்ந்திருந்தேன்.

அவன் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "கிட்னி ரெண்டு உண்டுல்லா அண்ணே?" என்றான். "ஒண்ணு அவங்களுக்குன்னா, மத்தது?"

 என்னைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்துவிட்டு அவன் வேகமாக நடந்தான். பிரிவின் வாசலில் இருந்த மேஜையில் நர்ஸிடம் குனிந்து பேசினான். அவள் தலையை ஆட்டினாள். அவன் விடவில்லை. என் பக்கம் கையைக் காட்டிக் காட்டிப் பேசினான். அவள் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து மறுபடியும் தலையை ஆட்டினாள். அவன் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றியபடி கொஞ்ச நேரம் நின்றான். அவன் நண்பர்கள் தரையிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்ன நடக்கிறது என்று தெரியாமல்.

திரும்பி வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"மத்தது கோட்டயத்துக்காம் அண்ணே. அங்கே ஒரு ஆளுக்கு முடிவாயிட்டாம், ஆம்புலன்ஸ் வந்து நிக்குதாம். நான் சொல்லிப் பார்த்தேன். நம்ம கூட்டத்து ஆளாக்கும், வண்டி ஓட்டுறவராக்கும்னு சொல்லிப் பார்த்தேன். அப்படியெல்லாம் கொடுக்க முடியாதாம்." என் முழங்காலில் கை வைத்தான். "ஸாரி அண்ணே."

"பரவாயில்லை," என்றேன்.